செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஓர் அத்தை

அவைக்குத் தலைமை ஏற்று, அதற்கு ஓர் அழகையும் தந்து அமர்ந்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே! வானத்தை நாளெல்லாம் அளந்தாலும் வார்த்தையை அளந்தே பேசும் எங்கள் வானாய்வுக்கூட இயக்குநர் அவர்களே! அறிவில் மூத்த பெரியோர்களே! அன்பில் மூத்த தாய்மார்களே! வேலை முடித்த கையோடு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்து வியர்வை துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் வாசற்படியை விட்டு நகராத தோழர்களே! வாருங்கள் ஐயா, என் பேச்சு கடிக்காது! இத்தனை பேருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

தலைவர் அம்மையார் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். என்னை அறிந்தவர்கள் இப்போதே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் விஞ்ஞானி அல்லேன். வானாய்வுக்கூடத்தில் தட்டச்சுப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். வானத்தில் எது தோன்றினாலும், அது என் இயந்திரத்தின் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தது. வால்விண்மீன் வந்தாலும் நான்தான் தட்டச்சு செய்தேன். வராத வால்விண்மீனுக்கு வருத்தம் தெரிவித்த கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அந்தத் தகுதியில் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நண்பர்களே! செவ்வாய் என்னும் கோளைத் தாண்டி, வியாழன் என்னும் பெருங்கோளை எட்டும் முன், நடுவிலே ஒரு பெருவெளி உண்டு. அந்த வெளியிலே கோளாக முடியாத கற்கள், கோளாக விடப்படாத கற்கள், இலட்சம் இலட்சமாய்க் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றுக்குச் சிறுகோள்கள் என்று பெயர். ஒளி உண்டா? சொந்த ஒளி இல்லை. வால் உண்டா? இல்லை. வளையம் உண்டா? ஏதோ ஒன்றிரண்டுக்கு இருக்கலாம் என்கிறார்கள். நம் கல்லுக்கு இல்லை. ஆறு கிலோமீட்டர் அகலமுள்ள வெறும் கல். நாம் தினமும் மிதித்து நடக்கும் பாறையில் என்ன இருக்கிறதோ ஏறத்தாழ அதுவே அதிலும் இருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். இதில் வரும் மூன்று பெண்களும் இந்த அரங்கிலே நான்காம் வரிசையில் இருக்கிறார்கள். மூவரும் நடந்ததைத் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். மேடையில் சொல்லவும் அனுமதித்தார்கள். பெயரைச் சொல்லாதே என்பது ஒன்றே நிபந்தனை. ஆகவே திரும்பிப் பார்க்காதீர்கள். அட, சொன்ன உடனே இத்தனை தலை திரும்புகிறதே!

எங்கள் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் வடக்குப் பார்த்த ஓர் அறை. தொலைநோக்கியில் எடுக்கும் படங்கள் அந்நாளில் கண்ணாடித் தகட்டில் பதிவாகும். தகட்டிலே வானம் வெளுத்திருக்கும். விண்மீன்கள் கருத்த புள்ளிகளாக, மிளகைத் தூவியது போல் இருக்கும். ஒரே இடத்தை ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளை அருகருகே கருவியில் பொருத்துவார்கள். குழாயில் கண்ணை வைத்து ஒரு பிடியைத் தட்டினால் முதல் தகடு தெரியும்; மறுபடி தட்டினால் இரண்டாம் தகடு. டக், டக், டக். விண்மீன்கள் அசையா. நகர்கின்ற ஏதாவது இருந்தால் அது மட்டும் துள்ளும். அந்தத் துள்ளலைத் தேடுவதே வேலை. ஒரு தகட்டில் அறுபதாயிரம் புள்ளிகள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, பட்டை பட்டையாக, கண் நோக நோக.

அந்த அறையில் பதினான்கு ஆண்டு உட்கார்ந்தவரை நாங்கள் கண்ணாடியம்மா என்போம். தகடும் கண்ணாடி, முகத்திலும் கண்ணாடி. வேறு என்ன பெயர் வைக்க? கணவர் கப்பலில் பொறியாளர். ஆண்டில் எட்டு மாதம் கடலில் இருப்பார். வீட்டில் ஒரே மகள். அந்த மகளுக்கு ஒரு வயதானபோது, கணவரின் தங்கை, அதாவது நம் கண்ணாடியம்மாவின் நாத்தனார், ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். திருமணமாகி எட்டே மாதம்.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணி” என்றார்.

கண்ணாடியம்மா ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். இரண்டு நாள் இரண்டு ஆண்டாயிற்று, ஏழு ஆண்டாயிற்று. கண்ணாடியம்மா காலையில் கிளம்பினால் வீட்டின் சாவி நாத்தனார் கையில். குழந்தையும் அவர் கையில்.

என்ன, தாய்மார்கள் பக்கம் ஒரு சிரிப்பு? நாத்தனார் என்றாலே சண்டைதான் என்கிறீர்களா? பொறுங்கள், சண்டையும் வருகிறது.

அது ஒரு புதன்கிழமை. முந்தைய இரவு எடுத்த இரண்டு தகடுகள் கருவியில் இருந்தன. முக்கால் தகடு முடிந்துவிட்டது. கால் பங்கு பாக்கி. மணி மூன்றேகால். மாடி முழுமைக்கும் ஒரே தொலைபேசி. அது என் மேசையில். அடித்தது. எடுத்தேன்.

“அண்ணியைக் கூப்பிடுங்க.”

கண்ணாடியம்மா ஓடி வந்தார். பள்ளிக்கூடப் படிக்கட்டில் மகள் விழுந்துவிட்டாள். எட்டு வயது. வலக்கை முறிந்துவிட்டது. கண்ணாடியம்மா உடனே “இதோ வரேன்” என்றார். அந்தக் காலத்துத் தொலைபேசி. மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

“நீங்க வர வேணாம் அண்ணி. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன். படம் எடுத்தாச்சு, கட்டுப் போடப் போறாங்க. நீங்க வந்தா மட்டும் எலும்பு சீக்கிரம் ஒட்டிக்குமா? அந்தத் தகட்டை இன்னிக்குப் பாத்தே ஆகணும்னு காலையில சொன்னீங்கல்ல? பாத்துட்டு வாங்க. நான் இருக்கேன்.”

அவையோரே, நான் இருக்கேன் என்பது இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு ஒரு தாய் தொலைபேசியை வைத்தார். படிக்கட்டைப் பார்த்தார், வடக்கு அறையைப் பார்த்தார். பிறகு வடக்கு அறைக்குள் போனார். டக், டக், டக். எனக்கு அந்தச் சத்தம் அன்று சற்று வேகமாகக் கேட்டது.

மணி நாலு இருபத்தைந்து. சத்தம் நின்றது. பிறகு ஒரே இடத்தில் மறுபடி டக், டக். மறுபடி டக், டக்.

“சார், கொஞ்சம் வாங்க” என்று குரல் வந்தது.

போனேன். குழாயில் கண்ணை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “கீழ் மூலையில பாருங்க, ரெண்டு பெரிய புள்ளிக்கு நடுவுல” என்றார். பார்த்தேன். இத்தனூண்டு புள்ளி. ஊசி முனையில் பாதி. தட்டினால் இடது, தட்டினால் வலது. அறுபதாயிரம் புள்ளிகள் அடங்கி ஒடுங்கி நிற்க, அது ஒன்று மட்டும் துள்ளிற்று!

“தூசியா இருக்குமோம்மா?” என்று கேட்டேன்.

“தூசி ஒரு தகட்டுலதான் இருக்கும். இது ரெண்டுலயும் இருக்கு, இடம் மாறி இருக்கு” என்றார்.

அந்த இடத்தை அளந்து, அன்றைக்கு எங்கே இருக்கும் என்று கணித்து, ஆறு மணிக்குள் தொலைநோக்கிக்காரரிடம் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார். அன்றிரவு அது மறுபடி பதிவாயிற்று. மறுநாள் வியாழக்கிழமை வானத்தை மேகம் மூடியது. எத்தனை நாள்? பதினோரு நாள்! ஒரே இரவின் பதிவு மட்டும் இருந்திருந்தால், மேகம் விலகியபின் அதை எங்கே போய்த் தேடுவது? கடலில் விழுந்த கடுகைப் போல் காணாமல் போயிருக்கும். இரண்டு இரவின் பதிவு கையில் இருந்ததால், பன்னிரண்டாம் நாள் இன்ன இடத்தில் இருக்கும் என்று கணிக்க முடிந்தது. கணித்த இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. இதுவரை எவரும் காணாத கல் என்று உறுதியாயிற்று. ஆண்டையும் சில எழுத்துகளையும் சேர்த்துத் தற்காலிகக் குறியீடு ஒன்று வந்தது. நான் தட்டச்சு செய்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் கண்ணாடியம்மாவின் பெயரை அடித்தேன்.

கைதட்டுகிறீர்கள். நாங்களும் அன்று கைதட்டினோம். ஆனால் அந்தப் புதன்கிழமை மாலை அவர் வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, மகள் கையில் கட்டோடு அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குழந்தை கேட்டது:

“ஏம்மா வரலை?”

“ஒரு புள்ளி தெரிஞ்சுதும்மா.”

“அந்தப் புள்ளிக்குக் கை உடைஞ்சுதா?”

நான் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். எதிர்க்கேள்விக்கு எதிர்க்கேள்வி போட்டே பேர் வாங்கியவன். இப்படி ஒரு கேள்வியை எந்த மேடையிலும் நான் போட்டதில்லை.

அதன்பிறகு குழந்தை அத்தையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். தலை பின்ன அத்தை. பாடம் சொல்ல அத்தை. காய்ச்சல் வந்தாலும் கனவில் பயந்தாலும் அத்தை. தாய்க்கு அது தைத்தது. ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“எம் பொண்ணை நீ எடுத்துக்கிட்ட.”

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “நீங்க விட்டுட்டுப் போனதை நான் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.”

இரண்டு வாக்கியம்! ஆனால் அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த வீட்டில் நேர்ப்பேச்சு இல்லை. “உங்க அத்தைகிட்ட சொல்லு, எனக்கு நாளைக்கு நேரமாகும்னு.” “உங்க அம்மாகிட்ட சொல்லு, குடை எடுத்துட்டுப் போகச் சொல்லி.” மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் இத்தனையும்! ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஏழு மாதத்தில் கண்ணாடியம்மாவின் மதியச் சாப்பாட்டு டப்பா ஒரு நாளும் தவறவில்லை. ஒரு நாளும் உப்புக் கூடவில்லை, குறையவும் இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதில் பாதியைத் தின்றவன் நான்!

எப்போது சமாதானமானார்கள்? அவர்களுக்கே தெரியவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு நாள் எரிவாயு அடுப்பு பற்றவில்லை, இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள், பேசிவிட்டார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. வானத்துக் கல்லும் மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிவிட்டது. வேறு வேறு நாட்டவர் அதைப் பார்த்தார்கள், பாதை உறுதியாயிற்று, நிரந்தர எண் வந்தது. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் கல்வகை என்று எழுதி அனுப்பினார்கள். எண் வந்தால் கண்டுபிடித்தவருக்கு ஓர் உரிமை வருகிறது. பெயர் வைக்கும் உரிமை!

ஆகா, அந்த ஒரு வாரம் எங்கள் அலுவலகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஆளுக்கொரு பெயர். உணவகக்காரர் தன் பூனையின் பெயரைச் சொன்னார். செல்லப் பிராணிகளின் பெயரை, சிறுகோள் பெயர்களை ஏற்கும் உலகப் பெயர்க்குழு விரும்புவதில்லை என்றோம். ஒருவர் தம் கட்சித் தலைவரின் பெயரோடு வந்தார். அரசியல்வாதி இறந்து நூறு ஆண்டு ஆகவேண்டும் என்ற விதியைக் காட்டினோம். தலைவர் நலமாக இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. பதினாறு எழுத்துக்குள் அடங்கவேண்டும் என்றும் ஒரு விதி. நான் எழுதிக் கொடுத்த பெயர் நாற்பத்தோரு எழுத்து. சிரிக்காதீர்கள், நல்ல பெயர்!

கண்ணாடியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்க நாத்தனார் பேரை வைக்கப் போறேன்” என்றார்.

கணவர் பெயரை வைப்பார் என்றிருந்தோம். மகள் பெயரை வைப்பார் என்றிருந்தோம். நாத்தனாருக்கு வானத்தில் இடம் ஒதுக்கிய அண்ணியை எந்த நாட்டில் கண்டோம்?

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். நாத்தனார் என்ன சொன்னார் தெரியுமா?

“கல்லுக்கா?”

“ஆமா, சிறுகோள்.”

“கல்லுதானே? இத்தனை வருஷமா என்னைக் கல்லு கல்லுன்னு மனசுக்குள்ள திட்டினது போதாதா அண்ணி? இப்ப சீல் வேற குத்தணுமா?”

வீடே சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னது வேறு.

“என் பேரு வேணாம் அண்ணி. அந்தப் பேரைக் கடைசியா அச்சுல பாத்தது கல்யாணப் பத்திரிகையில. அதை மறுபடி அச்சுல பாக்க எனக்குப் பிடிக்கலை.”

பத்தொன்பது ஆண்டில் முதல் முறையாக அந்தத் திருமணத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். கண்ணாடியம்மா அன்றும் ஏன் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவே.

மகள் அப்போது கல்லூரி மாணவி. கை முறிந்த அதே மகள். அவள்தான் சொன்னாள்: “அந்தப் பேரால இந்த வீட்டுல யாரு கூப்பிடறோம்? நான் கூப்பிடற பேரை வைங்கம்மா. அத்தைன்னே வைங்க.”

அத்தை யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு தொழில்நுட்ப ஐயங்களை எழுப்பினார்.

“அது யாரு தலையிலயாவது விழுமா?”

“விழாது. செவ்வாயைத் தாண்டி இருக்கு. இந்தப் பக்கமே வராது” என்றார் கண்ணாடியம்மா.

“யாரு வழியிலயும் குறுக்க வராம, தன் பாட்டுக்குத் தன் வழியில போகுதா?”

“போகுது.”

“அப்ப சரி. வைங்க.”

பெயர் முடிவாயிற்று. ஆனால் பெயரோடு, இன்னாருக்காக இப்பெயர் என்று இரண்டு வரி விளக்கம் அனுப்பவேண்டும். அதை எழுதும் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு, எனக்குத்தான்! வாழ்நாளெல்லாம் பிறர் சொன்னதைத் தட்டச்சு செய்தவனுக்கு வானத்தில் எழுத ஒரு வாய்ப்பு! விடுவேனா? தியாகச் சுடர் என்று தொடங்கினேன். தன்னை உருக்கித் தரணிக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி என்றேன். அண்ணன் குடும்பத்துக்கே அர்ப்பணமான அருந்தவச் செல்வி என்று முடித்தேன். ஒரு பக்கம். எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், கூடத்தில் நின்று, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன்.

அத்தை கேட்டார்: “யாரு தம்பி இது?”

“நீங்கதாம்மா.”

“நானா? சுடர்னா எரியணுமே. நான் எப்ப எரிஞ்சேன்? நல்லாத்தானே இருந்தேன்?” என்றார். “தியாகம்னு போட்டிருக்கீங்க. எதைத் தியாகம் பண்ணினேன்? போக வேற இடம் இருந்து, அதை விட்டுட்டா இங்க இருந்தேன்? இங்க வேலை இருந்துது, செஞ்சேன். பிள்ளை வளர்ந்துது. எனக்குப் பிடிச்சுது. நடந்ததை எழுதுங்க தம்பி.”

தாளை வாங்கினார். மேசை மேலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். தியாகம் போயிற்று. சுடர் போயிற்று. மெழுகுவர்த்தி மேல் இரண்டு கோடு விழுந்தது. ஒரு பக்கத்தில் எஞ்சியவை மூன்று சொற்கள். அவற்றில் ஒன்று முற்றுப்புள்ளியை ஒட்டியிருந்ததால் தப்பியது.

அன்பு கெழுமிய அவையோரே! நான் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது யோசித்தேன். இத்தனை ஆண்டாக மேடைதோறும் தாய்மாரைத் தியாகி என்றேனே, ஏன் என்றேன்? அவர் செய்தது வேலை என்று சொன்னால் அந்த வேலையை நான் அறிந்திருக்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை முறை மாடி ஏறினார், எந்த நாளில் எந்த முடிவை எடுத்தார் என்று சொல்லத் தெரிய வேண்டும். தியாகம் என்று கைகூப்பிவிட்டால் ஒன்றும் தெரியவேண்டியதில்லை! கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்! அந்தப் புதன்கிழமை மூன்றேகால் மணிக்கு, தொலைபேசியின் மறுமுனையில், ஒரு பெண் ஒரு முடிவெடுத்தார். மருத்துவமனையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் தகட்டில் பாக்கியிருந்த வானத்தையும் மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. அந்த ஒரு மணி பத்து நிமிடத்தைத் தந்தவர் யார்? அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் வேண்டாமா? கண்டவர் பெயர் இருக்கிறது. காணவைத்தவர் பெயர் வேண்டாமா? இது கருணையால் கொடுத்த பெயர் அன்று. இது சான்று!

மறுநாள் நானும் கண்ணாடியம்மாவும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். அத்தை படித்தார். சரி என்றார். பெயர்க்குழு ஏற்றுக்கொண்டதாகப் போன திங்கட்கிழமை கடிதம் வந்தது. கல்லின் பெயர் அத்தை. அதன் கீழே உள்ள விளக்கத்தை நான் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படிக்கிறேன். அப்படிப் படிக்கவேண்டும் என்பது அவர் கட்டளை.

“அத்தை என்பது தந்தையின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல். கண்டுபிடித்தவரின் வீட்டைப் பத்தொன்பது ஆண்டுகள் நடத்தியவர் இவர். கண்டுபிடித்த நாளன்று, குழந்தையை இவர் பார்த்துக்கொண்டார். ஆகவே இது பார்க்கப்பட்டது.”

இவ்வளவுதான் ஐயா. இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க என் தமிழால் முடியவில்லை.

பொறுமையாகச் செவி கொடுத்த உங்களுக்கும், மணியை அடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்த தலைவர் அம்மையாருக்கும், இடையில் இரண்டு முறை கூவி ஓய்ந்த ஒலிபெருக்கிக்கும், நான்காம் வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.